கலப்பே நம் குலதனம்

பெங்களூரு மல்லேசுவரத்தை அடுத்து, ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவிலே கருக்கொண்டு 1909-ஆம் ஆண்டில் உருப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மரமடர்ந்த வளாகத்துக்குள், மூளை ஆராய்ச்சி மையம் என்றொரு நிலையம் இருக்கிறது. முதுமையில் மனிதனுடைய ஞாபகசக்தி எதனால் தேய்கிறது என்பதை ஆராய்வதற்கென்று ஏற்பட்ட அந்நிலையத்தின் உறைகுளிர்ப் பெட்டிகளில், இந்த நாட்டின் பல திசைகளிலும் வாழும் மலைவாசிகளும் உழவர்களும் மீனவர்களும் நகரவாசிகளும் மனமுவந்து அளித்த ஏறக்குறைய 20,000 ரத்த மாதிரிகள் பத்திரமாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிவைத்து, 20 ஆராய்ச்சி நிலையங்களை ஒருங்கே இணைத்து, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திய 'ஜீனோம் இந்தியா' என்னும் பெருமுயற்சியின் பொக்கிஷம் அது.

அம்முயற்சியின் பலனாக, எண்பதுக்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதி முழுவதும் எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி ஆராய்ச்சி உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' சஞ்சிகையில் வெளியான முதல் அறிக்கை, தரச் சோதனையில் தேறிய 9,772 பேரிடம் மட்டும் 18 கோடி மரபணு வேறுபாடுகள் காணப்பட்டதாகத் தெரிவிக்கிறது. கோடிக்கணக்கில் விரியும் இந்தக் கணக்கினால் சாமானிய மனிதனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, அது அவன் சாப்பிடும் மருந்தையும், அவன் இதயத்தையும், அவன் வீட்டில் பிறக்கப்போகும் குழந்தையையும் தொடுகின்ற விஷயம் என்றே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த வாசிப்பு எப்படி நடைபெறுகிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். கையிலிருந்து எடுத்த ரத்தத்தை உறையாமல் காக்கும் ரசாயனம் தடவிய சிறு குழாயில் அடைத்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து வேகமாகச் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் தங்க, அவற்றுக்கு மேலே மெல்லிய ஏடு போல வெள்ளை அணுக்கள் படிகின்றன. ரத்தத்துக்குச் செந்நிறம் தரும் சிவப்பணுக்களில் உட்கருவே கிடையாதாகையால், வம்சத்தின் வரலாறு முழுவதும் அந்த வெள்ளை ஏட்டில்தான் இருக்கிறது. அவ்வணுக்களைச் சிதைத்து, புரதங்களை நீக்கி, குளிர்ந்த ஆல்கஹாலைச் சேர்த்தவுடன், கண்ணுக்குத் தெரியும் வெண்ணிற நூலாக டி.என்.ஏ. திரண்டு மிதக்கிறது. நான்கே ரசாயன எழுத்துக்களால் எழுதப்பட்ட அந்த நூலில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உண்டு. எந்த இரண்டு மனிதரை எடுத்துக்கொண்டாலும், அவர்கள் அரசனும் ஆண்டியுமாக இருந்தாலும் சரி, சராசரியாக ஆயிரம் எழுத்துக்கு ஒன்றில்தான் வேறுபடுகிறார்கள்.

அந்த ஆயிரத்தில் ஒன்றை அறிந்துகொள்ள ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு மூலப்பிரதி வேண்டுமல்லவா? 2003-ஆம் ஆண்டில் நிறைவுற்ற மனித ஜீனோம் திட்டம் அத்தகைய பிரதியை உலகுக்கு அளித்தது. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ரத்தம் கொடுத்த பெயர் தெரியாத ஒரே மனிதருடையது என்பதும், அவர் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சமும் ஐரோப்பிய வம்சமும் கலந்தவர் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது என்பதும் சிந்திக்கத்தக்கவை. மானிட ஜாதிக்கே அளவுகோலாக வைத்த பிரதியே ஒரு கலப்பு வம்சத்தானுடையது என்றால், கலப்பு என்பது விதிவிலக்கன்று, அதுவே விதி என்று இயற்கை நமக்கு உணர்த்துவதாகவே கொள்ள வேண்டும்.

இருந்தும், நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள சம்பந்தத்தைத் தேடிய பெரிய ஆராய்ச்சிகள் நெடுங்காலம் ஐரோப்பிய வம்சத்தாரையே சுற்றிச்சுற்றி வந்தன. 2018-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இத்தகைய ஆராய்ச்சிகளில் பங்கு பெற்றவர்களில் நூற்றுக்கு 78 பேர் ஐரோப்பிய வம்சத்தார். ஆப்பிரிக்க வம்சத்தார் நூற்றுக்கு இரண்டு பேர்தான். இதனால் விளைந்த தீங்கு சாதாரணமானதன்று. ஒரு ஜனத்தொகையிலிருந்து வகுக்கப்பட்ட நோய்க் கணிப்பு வேறொரு ஜனத்தொகையில் பிரயோகிக்கப்படும்போது பிசகிப்போகிறது. இல்லாத அபாயத்தைச் சொல்லி ஒருவனைக் கலங்கவைக்கிறது, இருக்கின்ற அபாயத்தைச் சொல்லாமல் மற்றொருவனைக் கைவிட்டுவிடுகிறது.

இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும், அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் ரைக்கும் அவருடைய சகாக்களும் சேர்ந்து, 25 இந்தியச் சமூகங்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் ஒரு திருப்பம். மேற்காசிய, மத்திய ஆசிய, ஐரோப்பிய ஜனங்களோடு உறவுள்ள ஒரு பூர்விகக் கூட்டமும், இத்துணைக்கண்டத்திலேயே நெடுங்காலம் வாழ்ந்த மற்றொரு பூர்விகக் கூட்டமும் கலந்ததன் விளைவே இன்றைய இந்தியச் சமூகங்களில் பெரும்பாலானவை என்றும், முதற்கூட்டத்தின் பங்கு சமூகத்துக்குச் சமூகம் 39 சதவீதத்திலிருந்து 71 சதவீதம் வரை வேறுபடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். பின்னர், மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பண்டைய எலும்புகளின் மரபணுக்களும் வாசிக்கப்பட்டபோது, சித்திரம் இன்னும் விரிவடைந்தது: இத்துணைக்கண்டத்தின் ஆதி வேடர்கள், ஈரானியப் பிரதேசத்து ஆதி ஜனங்களோடு தொடர்புடையவர்கள், மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து வந்த மேய்ப்பர்கள் என்ற மூன்று தாரைகள் வெவ்வேறு அளவில் கலந்தே நம்மில் பெரும்பாலோருடைய தேகத்தில் ஓடுகின்றன. வடகிழக்கு மலைகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கிழக்காசியத் தாரைகளும் வந்து சேர்கின்றன.

இக்கலப்பு எப்போது நிகழ்ந்தது என்பதையும் மரபணுவே சொல்கிறது. முழுதும் மல்லிகையால் கட்டிய சரம் ஒன்றும், முழுதும் கனகாம்பரத்தால் கட்டிய சரம் ஒன்றும் ஒரு குழந்தைக்குத் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம்; அக்குழந்தை வளர்ந்து தன் சந்ததிக்கு ஒரு சரத்தைத் தரும்போது, இரண்டையும் ஓரிரு இடங்களில் அறுத்து மாற்றி முடிந்து, கதம்பமாக்கித் தருகிறது; அடுத்த தலைமுறையும் அவ்வாறே அறுத்து முடிகிறது. தலைமுறைகள் ஏற ஏற, ஒரே பூவாக நீளும் பகுதி குறுகிக்கொண்டே போகும். ஆகவே, இன்று ஒருவருடைய குரோமோசோமில் ஒரே பூர்விகத்தைச் சேர்ந்த துண்டுகள் எவ்வளவு நீளம் என்று அளந்தால், கலப்பு எத்தனை தலைமுறைக்கு முன் நேர்ந்தது என்று கணித்துவிடலாம். இம்முறையைக் கொண்டு, பிரியா மூர்ஜனியும் தங்கராஜும் பிறரும் 73 சமூகங்களை ஆராய்ந்து, இந்தியாவில் கலப்பு மிகுதியாக நிகழ்ந்த காலம் இன்றைக்குச் சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று 2013-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அதற்குப் பின்னரே, அவரவர் சமூகத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இறுகி, சமூகத்துக்கும் சமூகத்துக்கும் இடையே சுவர்கள் எழும்பின. ஆதியிலிருந்தே தனித்தனியாக வாழ்ந்தோம் என்று நாம் நம்புகிறோமே, அந்த நம்பிக்கைக்கு நம் தேகமே எதிர்ச்சாட்சி சொல்கிறது. நெடுங்காலம் கலந்து வாழ்ந்தவர்கள் பிற்காலத்தில் பிரிந்தார்கள் என்பதே உண்மை.

கலப்பின் சமீப காலத்து உதாரணத்தைக் காண வேண்டுமானால், கர்நாடகத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. வட கன்னட ஜில்லாவில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு முதலிய வட்டங்களின் காட்டோரக் கிராமங்களில் சித்தி ஜனங்கள் வாழ்கிறார்கள். போர்ச்சுகீசியரும் அராபிய வணிகரும் அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்களின் சந்ததியார் அவர்கள். கன்னடமும் கொங்கணியும் பேசி, சிலர் ஹிந்துக்களாகவும், சிலர் இஸ்லாமியராகவும், சிலர் கிறிஸ்தவராகவும் வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, அவர்கள் தேகத்தில் ஆப்பிரிக்க பாண்டு மொழி ஜனங்களின் அம்சமே மிகுதி என்றும், அதனோடு இந்திய அம்சமும், சிறிது ஐரோப்பிய அம்சமும் சேர்ந்திருக்கின்றன என்றும், இக்கலப்பு சுமார் எட்டுத் தலைமுறைகளுக்கு முன்பு நேர்ந்தது என்றும் காட்டிற்று. எழுதிவைக்க ஏடும் ஆளும் இல்லாத ஒரு ஜன சமூகம் இழந்துவிட்ட தன் சரித்திரத்தை, அவர்கள் ரத்தத்தின் சில துளிகள் மீட்டுக் கொடுத்தன என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

சுவர்கள் எழும்பியதன் விளைவு சரித்திரத்தோடு நிற்கவில்லை. வைத்தியசாலை வரை வந்து நிற்கிறது. ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகிய சமூகம் தனக்குள்ளேயே மணம் செய்துகொண்டு வருமானால், அந்த முதற்கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் தற்செயலாக இருந்த பழுதுபட்ட மரபணு, தலைமுறைதோறும் பலரிடம் பரவிவிடுகிறது. பின்னர் தாய்வழியில் ஒன்றும் தந்தைவழியில் ஒன்றுமாக இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் சந்திக்கும்போது நோய் வெளிப்படுகிறது. 2017-ஆம் ஆண்டில் தங்கராஜும் ரைக்கும் அவர்களுடைய மாணாக்கர்களும் தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தபோது, இவ்விஷயத்தில் உலகப் பிரசித்தி பெற்ற உதாரணங்களான பின்லாந்து மக்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விட வலுவான இத்தகைய தாக்கம் 81 சமூகங்களில் காணப்பட்டது. அவற்றுள் 14 சமூகங்கள் பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ளவை.

இதற்குக் கண்கூடான சான்று அறுவை சிகிச்சை அறையில் கிடைக்கிறது. நோயாளியின் தசைகளைத் தளர்த்துவதற்காகச் சக்சினைல்கோலின் என்னும் மருந்தைச் செலுத்தினால், ரத்தத்திலுள்ள ஒரு நொதி அதைச் சில நிமிஷங்களில் சிதைத்துவிட, நோயாளி தானே மூச்சுவிடத் தொடங்குவார். அந்நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கோ, மருந்து சிதையாமல் தங்கி, மணிக்கணக்கில் மூச்சு நின்றுபோகும்; செயற்கைச் சுவாசம் தந்து காத்தால்தான் பிழைப்பார்கள். தென்னாட்டு வைசியச் சமூகத்தாரிடையே இக்குறை ஏனையோரைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதை மயக்க மருந்து நிபுணர்கள் அனுபவத்தில் அறிந்திருக்க, அதற்குக் காரணமான மரபணு மாற்றம் இன்னதென்று கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். பூபதியும் பிற நாட்டு விஞ்ஞானிகளும் 2006-ஆம் ஆண்டில் எழுத்தளவில் காட்டினார்கள். இதில் அச்சமூகத்தாருக்கு லவலேசமும் இழுக்கு இல்லை. முன்கூட்டித் தெரிந்துகொண்டால் வேறு மருந்து கொடுத்துவிடலாம், அவ்வளவுதான். நம் நாட்டின் ஒவ்வொரு சமூகத்துக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கக்கூடும். தெரிந்தவை சில, தெரியாதவை பல.

தென்னாட்டுக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகளையும், ஏன், அக்காள் மகளையும்கூட மணந்துகொள்வது தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் வழிவழி வந்த வழக்கம். பெங்களூரு விஞ்ஞானக் கழகத்தின் உயிர் ரசாயனப் பேராசிரியராக விளங்கிய அப்பாஜி ராவ், 1980-களில் பெங்களூரிலும் மைசூரிலும் பிறந்த குழந்தைகளைப் பிறவி நோய்களுக்காகச் சோதித்த முன்னோடித் திட்டத்தை நடத்தியபோது, பெற்றோர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நெருங்கிய உறவில் மணந்தவர்களாக இருக்கக் கண்டார். சமூகத்துக்குள் மணப்பது வேறு, குடும்பத்துக்குள் மணப்பது வேறு என்றாலும், பழுதுபட்ட இரண்டு மரபணுக்கள் ஒரு குழந்தையிடம் சந்திக்கும் வாய்ப்பை இரண்டுமே அதிகப்படுத்துகின்றன என்பதை இரு வகையினரும் அறிந்திருப்பது நலம்.

ஒரு சமூகத்தோடு நில்லாமல் துணைக்கண்டம் முழுவதும் பரவிய குறைகளும் உண்டு. இதயத் தசையைக் கட்டமைக்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துக்கள் அறுந்துபோன ஒரு மாற்றம், இத்துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. ஐரோப்பாவிலோ அது காணப்படுவதே இல்லை. வாலிபத்தில் ஆரோக்கியமாகத் திரியும் ஒருவரை, வயது ஏறியபின் இதயத் தளர்ச்சிக்கு ஆளாக்கக்கூடிய இம்மாற்றத்தின் பரவலை, மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிப் பின்னர் பெங்களூரிலுள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த பெருந்துறை தண்டபாணி, பல நாட்டு அறிஞர்களோடு சேர்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்திருந்தால், கோடிக்கணக்கான நம் மக்கள் சுமக்கும் இந்த அபாயம் என்றைக்கும் தெரிந்திராது.

கலப்பு வம்சத்தாரை ஆராய்வதில் சிக்கலும் உண்டு, அனுகூலமும் உண்டு. சிக்கலுக்கு அமெரிக்காவின் அரிசோனாவில் நீரிழிவு மிகுந்த பூர்வகுடிகளிடம் நடந்த ஆராய்ச்சி பிரசித்தமான எடுத்துக்காட்டு. ரத்தத்தில் காணும் ஒரு மரபுக்குறி உள்ளவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், அது இல்லாதவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கும் நீரிழிவு இருந்ததைக் கண்டு, அக்குறி நோயைத் தடுக்கிறது என்றே எவரும் முடிவு கட்டியிருப்பார்கள். 1988-ஆம் ஆண்டில் அதை நுணுகி ஆராய்ந்த வில்லியம் நோலர் முதலியோர், அந்தக் குறி ஐரோப்பியக் கலப்பின் அடையாளம் மட்டுமே என்றும், கலப்பின் அளவை ஒழுங்காகக் கணக்கில் சேர்த்துவிட்டால் அதற்கும் நீரிழிவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் நிரூபித்தார்கள். நூற்றுக்கணக்கான சமூகங்கள் ஒரே தெருவில் வசிக்கும் பெங்களூரு போன்ற நகரத்தில், பூர்விகத்தைக் கணக்கிடாமல் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டால், இதே பிழை நேரும்.

அனுகூலமோ, அக்கலப்பையே கருவியாக்கிக்கொள்வதில் இருக்கிறது. ஒரு நோய் உள்ளவர்களிடம், குரோமோசோமின் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும், ஒரு பூர்விகத்தின் துண்டு எதிர்பார்த்ததைவிட மிகுந்து காணப்பட்டால், நோயின் வேர் அவ்விடத்தில்தான் இருக்க வேண்டும். ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே சிறுநீரக நோய் ஏன் மிகுதி என்ற கேள்விக்கு 2008-ஆம் ஆண்டில் இம்முறை 22-ஆம் குரோமோசோமைச் சுட்டிக் காட்ட, 2010-இல் அங்கே உண்மைக் காரணமான மரபணு அகப்பட்டது. தூக்க நோய்க் கிருமியிலிருந்து முன்னோர்களைக் காப்பாற்றிய மாற்றமே சந்ததியாரின் சிறுநீரகத்தை வாட்டுகிறது என்பது வெளியாயிற்று. டல்லஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஆப்பிரிக்க அமெரிக்கர் சிலரிடம் கொழுப்பு பிறவியிலேயே குறைவாக இருந்ததன் காரணத்தைத் துருவிக் கண்ட உண்மையிலிருந்து, இன்று எல்லா நாட்டு இதய நோயாளிகளுக்கும் பயன்படும் ஒருவகை ஊசி மருந்து உருவானது. புறக்கணிக்கப்பட்டவர்களை ஆராய்ந்ததனால் பலன் பெற்றது உலகம் முழுவதும்.

மரபணுவைப் படிப்பது மட்டும் போதாது. அதை உடையவரின் வாழ்க்கையையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். பெங்களூருக்குக் கிழக்கே, மாந்தோப்புகளுக்குப் பேர்போன கோலார் ஜில்லாவின் சீனிவாசபுரத்துக் கிராமங்களில், 45 வயது கடந்தவர்களை மூளை ஆராய்ச்சி மையத்தினர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ரத்தம் எடுப்பதோடு, மூளையைப் படம் பிடிக்கிறார்கள். உணவு, உறக்கம், மனக்கவலை எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். எழுத்தறியாத முதியோருடைய நினைவையும் கவனத்தையும், அவர்களுக்குப் பழக்கமான மொழியிலே, அவர்களுக்கு ஏற்ற முறையிலே சோதிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த நகரத்தாரை எண்ணி வகுத்த கேள்விகளை ஒரு குடியானவரிடம் கேட்டு, அவருக்கு மறதிநோய் என்று முத்திரை குத்துவது அநியாயமல்லவா? ஆராய்ச்சி ஜனங்களை நோக்கி நடந்து செல்ல வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

இவ்வளவு நன்மை இருக்கும் விஷயத்தில் எச்சரிக்கைக்கும் இடமுண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டு ஜனங்களின் தலையையும் மூக்கையும் அளந்ததும், 1901-ஆம் ஆண்டு ஜனக் கணக்கை நடத்திய ஹெர்பெர்ட் ரிஸ்லி மூக்கின் அளவுக்கும் சமூக அந்தஸ்துக்கும் முடிச்சுப் போட்டதும் நாம் மறக்கக்கூடியவை அல்ல. சாஸ்திரத்தின் வேஷத்தில் வந்த அவமதிப்பு அது. அரிசோனாவின் ஹவசுபாய் குடியினர் நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று கொடுத்த ரத்தம், அவர்களைக் கேளாமலே வேறு ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தப்பட, அவர்கள் வழக்காடி, 2010-ஆம் ஆண்டில் நஷ்டஈட்டோடு தங்கள் ரத்தத்தையும் திரும்பப் பெற்றார்கள். ஜீனோம் இந்தியா தன் விவரங்களில் தனி மனிதர்களின் பெயர்களை நீக்கியதோடு, சமூகங்களின் பெயர்களையும் வெளிப்படையாகச் சொல்லாமல் குறியீடுகளால் மறைத்திருப்பது இத்தகைய அனுபவங்களை நோக்கும்போது முற்றிலும் நியாயமானது. சுத்த ரத்தம் என்று ஒன்று இந்த நாட்டில் எவரிடமும் இல்லை. அதைத் தேடிக்கொண்டு இவ்வாராய்ச்சியைப் புரட்டுகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

செய்ய வேண்டியது இன்னும் மிகுதி. மானிடவியல் கணக்கெடுப்பின்படி நாட்டில் 4,600-க்கு மேற்பட்ட சமூகங்கள் இருக்க, ஜீனோம் இந்தியாவில் முழுதாக வாசிக்கப்பட்டவை எண்பத்துச் சொச்சமே. எஞ்சியவர்களுள் எண்ணிக்கையில் சிறியவர்களும் எளியவர்களும்தான் இத்தகைய சோதனையால் அதிகம் பயனடையக்கூடியவர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் யூத சமூகத்தார், தங்கள் குழந்தைகளை மழலைப் பருவத்திலேயே கொண்டுபோன டே-சாக்ஸ் என்னும் கொடிய நோயை, 1970-களில் தொடங்கிய மரபுச் சோதனையின் மூலம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைத்துவிட்டார்கள். அதை நாமும் செய்யலாம்; அதற்கு ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் பிறந்த குழந்தைகளுக்கான சோதனையும், மணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு அச்சுறுத்தாமலும் அவமானப்படுத்தாமலும் அவர்கள் மொழியிலேயே விளக்கிச் சொல்லும் மரபியல் ஆலோசகரும் வேண்டும். கையை நீட்டி ரத்தம் கொடுத்தவர்கள் அதற்கு விலை கேட்கவில்லை. அவர்கள் கொடுத்ததிலிருந்து கிடைத்த அறிவு அவர்களுடைய கிராமத்துக்கே மருந்தாகவும் முன்னெச்சரிக்கையாகவும் திரும்பிச் சேர்ந்தால்தான், பெங்களூரில் சேர்ந்திருக்கும் பொக்கிஷத்தைத் தேசத்தின் சொத்து என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும்.